திருத்தத்திற்கு வெள்ளி மாலை வரை

ஆகஸ்ட் 5, திங்கள்

காலை முழுக்க வட்டார வள மையத்தில் கூட்டம். நாளை முதல் மூன்று நாள் மாவட்டம் முழுவதும் வாசிப்பு மதிப்பீடு. மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும். ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, அட்டையைக் காட்டி, எழுத்து தெரிகிறதா, சொல் வருகிறதா, வாக்கியம் வாசிக்கிறதா, கதை வாசிக்கிறதா என்று பார்த்து, அங்கேயே செல்போனில் பதிந்துவிட வேண்டும். வகுப்பு ஆசிரியர் அறைக்குள் இருக்கக் கூடாது. அவர்கள் கூட்டிப் போட்டுவிடுவார்களாம். அதனால் எங்களைப் போன்ற ஆசிரியர் பயிற்றுநர்களை அனுப்புகிறார்கள். நாங்கள் அரிச்சந்திரன் வீட்டுப் பிள்ளைகள் அல்லவா.

மாவட்டத் தரவு ஒருங்கிணைப்பாளர் இளம்பரிதி சார் வந்திருந்தார். வடக்கே எங்கோ ஊர். என் மருமகன் வயதுதான் இருக்கும். சத்தமாகப் பேசவே தெரியாது போல. "குறைஞ்ச மார்க் வந்தா யாரையும் திட்டப் போறதில்ல மேடம். எங்க உதவி தேவைப்படுதுன்னு தெரிஞ்சிக்கத்தான் இது" என்று மூன்று தடவை சொன்னார். போன வருடம் அதே இடத்தில் நின்று வேறொருவர் இதையேதான் சொன்னார். அதற்குப் பிறகு ஆய்வுக் கூட்டத்தில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை.

எனக்கு மூன்று பள்ளிகள் விழுந்திருக்கின்றன. நாளைக்குச் சங்குமேடு, முத்துப்பேச்சி தலைமையாசிரியையாக இருக்கும் பள்ளி. ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் அவளும் நானும் இரண்டு வருடம் ஒரே வாளியில் குளித்தவர்கள். பார்த்து நாலு மாதம் ஆகிறது.

பல் வலிக்கிறது. கிராம்பு வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சங்குமேட்டுக்கு இரண்டு பஸ். கடைசி ஒரு மைல் உப்பளத்துக்கு நடுவே நடை. ஒன்பது மணிக்கே கண்ணைத் திறக்க முடியவில்லை, அவ்வளவு வெள்ளை. பள்ளியில் இரண்டு அறை, முப்பத்தெட்டுப் பிள்ளைகள். எல்லாருடைய அப்பா அம்மாவும் அளத்தில் வேலை. விடிவதற்கு முன்னால் போய்விடுவார்கள்.

முத்துப்பேச்சி வாசலுக்கே வந்துவிட்டாள். "ஏட்டி கனி, என்ன இப்படி மெலிஞ்சு போயிட்ட?" என்றாள். நான் மெலியவில்லை. ஜாக்கெட் தையலைப் பிரித்து இரண்டு மாதம் ஆகிறது. ஆனாலும் அதைக் கேட்டதும் மனது குளிர்ந்தது.

அங்கே இரண்டாவது ஆசிரியர் பணியிடம் இரண்டு வருடமாகக் காலி. ஜனவரியிலிருந்து மரிய ஜெனிலா என்கிற பெண்ணை வேறு பள்ளியிலிருந்து மாற்றுப்பணியில் அனுப்பியிருக்கிறார்கள். நான் போனபோது அவள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முன்னால் ஒரு சின்னப் பையன் நின்றுகொண்டிருந்தான், பின்னால் ஒரு பெண்பிள்ளை. பையனைப் பக்கத்து அங்கன்வாடியில் விட்டுவிட்டு, பெண்பிள்ளையைக் கையைப் பிடித்து வகுப்புக்குக் கூட்டிப்போனாள்.

"அது சந்தனமாரி, மூணாம் வகுப்பு. தம்பியப் பாத்துக்கிட ஆளில்லன்னு வீட்டுலயே கெடந்தா. ஜெனிலா தினமும் போயி ரெண்டு பேரையும் அள்ளிட்டு வந்துருதா. இப்பத்தான் ரெண்டெழுத்து சேத்து வாசிக்கா" என்றாள் பேச்சி.

மதிப்பீடு தொடங்குமுன் என் கையைப் பிடித்துச் சொன்னாள்: "உள்ளத உள்ளபடி போட்டுருட்டி. எங்க பிள்ளைகளுக்கு வாசிப்பு இன்னும் ஏறல. மெதுவா ஏறும்."

பதினேழு பிள்ளைகள். பாவம், புது ஆளைப் பார்த்ததும் வாய் திறக்கவே பயப்பட்டார்கள். கொஞ்சம் உற்சாகப்படுத்த வேண்டியிருந்தது. பதினேழில் பன்னிரண்டு பேர் வாக்கியமோ கதையோ வாசித்தார்கள். செயலி எழுபத்தொரு சதவீதம் என்று காட்டியது. பச்சை நிறம்.

மதியம் பேச்சி தன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை எனக்கு வைத்தாள். சாளை மீன் குழம்பு. பல்வலியையும் மறந்து சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மூன்று பள்ளியும் முடிந்தது. ஒன்று மஞ்சள், இரண்டு பச்சை. என் பெயருக்கு நேரே சிவப்பு இல்லை.

வட்டாரத்து வாட்ஸ்அப் குழுவில் யாரோ கைதட்டுகிற படம் போட்டார்கள். நானும் ஒரு கும்பிடு போட்டேன். மாலையில் அரைக் கிலோ லாலா கடை அல்வா வாங்கி வந்தேன். "என்ன விசேஷம்?" என்றார் இவர். ஒன்றுமில்லை என்றேன். பல்வலிக்காரி அல்வா வாங்கின கதையை ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நாலு பேரிடம் சொல்லாமல் விடமாட்டார்.

ஆகஸ்ட் 19, திங்கள்

இன்று சுற்றறிக்கை வந்தது. அதைச் சுருக்கி எழுதி வைக்கிறேன்.

மாற்றுப்பணி ஆசிரியர்களை மதிப்பீட்டு முடிவின்படி மாற்றிப் பங்கிடப் போகிறார்கள். நாற்பது சதவீதத்துக்குக் கீழே இருக்கும் பள்ளிகளில் மாற்றுப்பணி ஆசிரியர் அப்படியே இருப்பார். இல்லாத பள்ளிக்குப் புதிதாகக் கொடுப்பார்கள். அறுபதுக்கு மேலே இருக்கும் பள்ளிகளிலிருந்து எடுப்பார்கள். யோசித்துப் பார்த்தால் நல்ல திட்டம். போன வருடம் வரை யாருக்குச் சிபாரிசு இருந்ததோ அந்தப் பள்ளிக்குத்தான் ஆள் போனது.

பதிவில் பிழை இருந்தால் மதிப்பீடு செய்தவரே செயலியில் திருத்தம் கேட்கலாம். வெள்ளி மாலை ஐந்து மணி வரை அவகாசம். அதற்குப் பிறகு தரவு பூட்டப்படும்.

சங்குமேடு எழுபத்தொன்று.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தது உண்மை. எந்த டீச்சர் கொடுக்கமாட்டாள்? இருபத்தாறு வருடப் பழக்கம். பிள்ளை திக்கி நின்றால் என் வாய் தானாக அசையும். அட்டையைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி உட்காரு என்று பயிற்சியில் சொல்வது எளிது. எட்டு வயதுப் பிள்ளை உன்னையே பார்த்துக்கொண்டு நிற்கும்போது சொன்னவர்கள் உட்கார்ந்து பார்க்கட்டும், அப்போது தெரியும்.

அது பிழை ஆகாது. பழக்கம்.

துவைக்கிற மெஷின் தண்ணீரை வெளியே விட மாட்டேன் என்கிறது. மெக்கானிக்கைக் கூப்பிட்டு, காத்திருந்து, அவன் வராமல், கடைசியில் நானே குழாயைக் கழற்றினேன். உள்ளே இவருடைய சட்டைப் பொத்தான் மூன்று.

ஆகஸ்ட் 21, புதன்

செயலியைத் திறந்து பார்த்தேன். 'மறுமதிப்பீடு கோருக' என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் 'காரணம்' என்று ஒரு கட்டம் வருகிறது. காலியாக விட்டால் அனுப்பாது.

என்ன எழுதுவது? 'மதிப்பீட்டாளர் எடுத்துக் கொடுத்தார்' என்று எழுதிப் பார்த்தேன். அழித்தேன். 'மாணவர்கள் அன்று பதற்றத்தில் இருந்தனர்' என்று எழுதினேன். பதற்றத்தில் இருந்த பிள்ளைகள் அதிகம் வாசித்தார்களா என்று கேட்பார்கள். அதையும் அழித்தேன்.

பேச்சி கூப்பிட்டாள். சுற்றறிக்கையைப் பார்த்தாயா என்று கேட்டாள். பார்த்தேன் என்றேன். "வெள்ளி வரைக்கும் டைம் இருக்குதாம்லா" என்றாள். ஆமாம் என்றேன். பிறகு என் பல் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 22, வியாழன்

முதல் எழுத்து என்று எழுதியிருந்தேன். சில பிள்ளைகளுக்கு முதல் சொல்.

இன்றே திருத்தம் போட்டிருப்பேன். கன்னம் வீங்கிவிட்டது. டாக்டரைக் கூப்பிட்டபோது நாளை காலை பதினொன்று, இல்லையென்றால் மாலை நாலரை, எது வேண்டும் என்று கேட்டார்கள். மாலை நாலரை என்றேன். காலையில் அலுவலகத்தில் வேலை இருக்கும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

காலையில் அலுவலகத்தில் வேலை ஒன்றும் இல்லை. இன்டர்நெட் நன்றாகவே இருந்தது.

நாலரைக்குப் பல் பிடுங்கினேன். ஊசி போட்டு, மரத்துப்போக வைத்து, வெளியே வரும்போது மணி ஐந்து நாற்பது. பல்லை ஒரு சின்னக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார்கள். வாசலிலேயே எறிந்துவிட்டேன்.

வாயில் பஞ்சு. இரவு கஞ்சி மட்டும். நல்லவேளை, யாரிடமும் பேச வேண்டியதில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

ஆணை வந்துவிட்டது. ஜெனிலாவைக் கீழப்புதூருக்குப் போட்டிருக்கிறார்கள். நம் வட்டாரத்தின் மறுகோடி. அங்கே பதினெட்டு சதவீதம், ஒரே ஆசிரியர். அங்கேயும் பிள்ளைகள்தானே இருக்கிறார்கள். நியாயமான ஆணைதான்.

செப்டம்பர் 4, புதன்

சங்குமேட்டில் ஜெனிலாவுக்கு இன்று கடைசி நாள். நான் போயிருக்க வேண்டியதில்லை. போனேன்.

ஜெனிலா அழவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் நோட்டிலும் அது எந்த இடம் வரை படித்திருக்கிறது என்று கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். வரப்போகிற ஆசிரியருக்காம். யாரும் வரப்போவதில்லை என்று அவளுக்கும் தெரியும். "சந்தனமாரிக்குக் கொம்பு போட்ட எழுத்து மட்டும் மாறுது மேடம். மத்தபடி கெட்டிக்காரி" என்றாள் என்னிடம். நான் தலையாட்டினேன்.

மதியம் ஸ்கூட்டர் கிளம்பியபோது சந்தனமாரி வழக்கம்போலப் பின்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். இறக்கிவிட வேண்டியிருந்தது.

பேச்சி வாசலில் நின்றாள். "டேட்டால நாங்க நல்லா இருக்கோமாம்ட்டி" என்றாள். அவ்வளவுதான். குரலில் கோபம் இல்லை. நான் தரையைப் பார்த்தேன். டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரம்தான். என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

செப்டம்பர் 5, வியாழன்

ஆசிரியர் தினம். எனக்கு ஒரு பேனா கொடுத்தார்கள். அதில்தான் எழுதுகிறேன். மை திட்டுத்திட்டாக வருகிறது.

அக்டோபர் 17, வியாழன்

நாலு நாளாக மழை. அளத்தில் வேலை நின்றுவிட்டது. சங்குமேட்டுக்குப் பள்ளிப் பார்வைக்குப் போக வேண்டிய முறை என்னுடையது. மாற்றிக்கொள்ள ஆள் கிடைக்கவில்லை.

இரண்டு அறைக்கும் சேர்த்து ஒரே பேச்சி. கரும்பலகையை ஐந்தாகக் கோடு கிழித்திருக்கிறாள். ஒரு வகுப்புக்குக் கணக்கு, ஒரு வகுப்புக்குப் படம், ஒன்றாம் வகுப்புக்காரர்களை வட்டமாக உட்காரவைத்துப் பாட்டு. நடுவில் மதிய உணவுக் கணக்கு, நாலு விதமான பதிவேடு, செல்போனில் வருகைப் பதிவு. நான் இருந்த மூன்று மணி நேரத்தில் அவள் ஒரு தடவைகூட உட்காரவில்லை. கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. சர்க்கரை அதிகம் என்று முன்பே சொல்லியிருக்கிறாள்.

பார்வைக் குறிப்பில் 'கற்றல் கற்பித்தல் நன்று' என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவது? கையெழுத்துப் போடும்போது அவள் அதை வாசித்தாள்.

சந்தனமாரி இல்லை. கேட்டேன். "தம்பிய வச்சிக்கிட்டு வீட்டுல இருக்கா. நான் பிள்ளைகள விட்டுட்டுப் போயி கூட்டிட்டு வர முடியுமாட்டி?" என்றாள்.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தினம். மாவட்ட அளவில் கூட்டம். இளம்பரிதி சார் திரையில் வரைபடம் காட்டினார். சிவப்பாக இருந்த முப்பத்தொரு பள்ளிகளில் கூடுதல் ஆசிரியர் போன பிறகு வருகை ஏறியிருக்கிறது. கீழப்புதூரில் பிள்ளைகள் வாசிக்கும் வீடியோ போட்டார். ஓரமாக ஜெனிலா நிற்பது தெரிந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவர் பொய் சொல்லவில்லை. அவர் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதில் நான் கொடுத்த எண் ஒன்றுதான் தப்பு.

செல்போனில் சங்குமேட்டு வருகைப் பதிவைப் பார்த்தேன். சந்தனமாரி இருபத்திரண்டு நாள் வரவில்லை.

நவம்பர் 16, சனி

அவள் வீட்டுக்குப் போனேன். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். இடுப்பு கோணிப்போயிருந்தது, அவ்வளவு கனம் அந்தப் பிள்ளை. என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் எதிர்பார்க்கவில்லை.

அம்மா ஐஸ் கம்பெனியில் மழைக்காலக் கூலிக்குப் போய்விட்டு அப்போதுதான் வந்திருந்தாள். ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குக் கூசியது.

"அந்த டீச்சர் வண்டியில வந்து கூட்டிட்டுப் போவாவ. நான் வேண்டாம்னா சொன்னேன்? இப்ப ஆரு வாராவ? இவள அனுப்புனா இவன ஆரு பாப்பா? அங்கன்வாடியில விடணும்னா ஒம்பது மணிக்கு ஆள் வேணும்லா. நான் நாலு மணிக்கே கெளம்பணும்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க எந்த டீச்சர்?"

அதிகாரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 25, புதன்

ஆராதனையில் பாவ அறிக்கை சொல்லும்போது எல்லாரும் போல நானும் சத்தமாகச் சொன்னேன். 'செய்யத்தக்கவைகளைச் செய்யாமல்' என்கிற இடத்தில் குரல் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்றவள் எனக்கு நெஞ்சடைக்கிறது என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

மகளும் மருமகனும் வந்திருந்தார்கள். நாற்பது முறுக்கு சுட்டேன். பாதி கருகிப்போயிற்று.

ஜனவரி 21, செவ்வாய்

இறுதி மதிப்பீடு. சங்குமேட்டை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அதே பதினேழு பிள்ளைகள். சந்தனமாரியைப் பேச்சி காலையில் ஆள்விட்டுக் கூட்டி வந்திருந்தாள். இந்தத் தடவை கையை மடியில் வைத்துக்கொண்டேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

சந்தனமாரி எதிரே உட்கார்ந்தாள். அட்டையை அவள் முன் வைத்தேன். அவள் அட்டையைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தாள். நான் சொல்வேன் என்று காத்திருந்தாள். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அட்டையைத் தொட்டுக் காட்டினேன். அவள் ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு மறுபடி என் வாயையே பார்த்தாள். முகத்தில் பயம் இல்லை, நம்பிக்கைதான் இருந்தது. அதைத் தாங்க முடியவில்லை. கடைசியில் எழுத்து அட்டையை எடுத்து வைத்தேன். பதினெட்டு எழுத்தில் ஏழு சொன்னாள்.

ஐந்து பேர் வாக்கியம் வாசித்தார்கள். பதினேழில் ஐந்து. இருபத்தொன்பது சதவீதம்.

இப்போது எழுதிவிடுகிறேன். ஆகஸ்டில் நான் எடுத்துக் கொடுத்தது எழுத்து இல்லை, சொல்லும் இல்லை. ஏழு பிள்ளைகளுக்கு முழு வாக்கியத்தையும் மெல்லச் சொன்னேன். அவர்கள் என் பின்னால் சொன்னார்கள். வாசித்ததாகப் பதிந்தேன். அன்றைக்கும் வாசிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தே பேர்தான்.

ஏன் செய்தேன் என்பதையும் எழுத வேண்டும். பிள்ளைகள்மேல் இரக்கம் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இரக்கம் கொஞ்சம் இருந்தது. போன கல்வியாண்டின் ஆய்வுக் கூட்டத்தில் என் பள்ளிகள் சிவப்பு என்று அறுபது பேர் முன்னால் என்னை எழுந்து நிற்கச் சொன்னார்கள். இருபது நிமிடம் நின்றேன். பக்கத்து நாற்காலிக்காரர் என் கைப்பையை எடுத்து என் நாற்காலியில் வைத்தார், இனி உட்காரப் போவதில்லை என்பதுபோல. இனி ஒருநாளும் அப்படி நிற்கமாட்டேன் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். அவ்வளவுதான் காரணம்.

பிப்ரவரி 3, திங்கள்

முத்துப்பேச்சிக்கு மெமோ போயிருக்கிறது. மாவட்டத்திலேயே அதிகச் சரிவு சங்குமேடு. எழுபத்தொன்றிலிருந்து இருபத்தொன்பது. 'கற்றல் அடைவு நாற்பத்திரண்டு புள்ளிகள் வீழ்ந்ததற்கான விளக்கத்தை ஏழு நாட்களுக்குள்.' நகல் எங்கள் அலுவலகத்துக்கும் வந்தது. என் மேசையில்தான் வைத்தார்கள்.

விழவே இல்லை. ஏறியிருந்தால்தானே விழ.

பிப்ரவரி 5, புதன்

விடுப்பு போட்டுவிட்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். இளம்பரிதி சாரிடம் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஏழு பிள்ளைகளின் பெயரும் எழுதியிருந்தேன். அவர் கடைசி வரி வரை வாசித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"யாரும் திட்ட மாட்டோம்னு சொன்னேனே மேடம்" என்றார்.

ஆய்வுக் கூட்டத்தில் நின்றதைச் சொன்னேன். அவருக்கு அது தெரியாது. அவர் வருவதற்கு முன்னால் நடந்தது. முகம் கறுத்துவிட்டது. பிறகு கம்ப்யூட்டரில் ஆகஸ்ட் பட்டியலைத் திறந்து, சங்குமேட்டுக்கு இருபத்தொன்பது போட்டுப் பார்த்தார். "ரெட் லிஸ்ட் மேடம். ஜெனிலா டீச்சர எடுத்திருக்கவே மாட்டோம்" என்றார்.

திரும்ப அனுப்ப முடியுமா என்று கேட்டேன்.

"அங்க நாப்பத்தி ரெண்டு பிள்ளைங்க. இப்பத்தான் வாசிக்க ஆரம்பிச்சிருக்காங்க. அவங்ககிட்டேர்ந்து எப்படி எடுக்கறது? நீங்களே சொல்லுங்க."

பேச்சியின் மெமோவை ரத்து செய்யக் குறிப்பு எழுதுவதாகச் சொன்னார். எனக்குக் குற்றக் குறிப்பாணை வரும், சம்பள உயர்வு நிற்கும், அதைத் தன்னால் தடுக்க முடியாது என்றும் சொன்னார். தடுக்க வேண்டாம் என்றேன். அந்தப் பட்டியலில் சங்குமேட்டுக்கு அடுத்த வருடம் ஆள் உண்டா என்று மட்டும் கேட்டேன். ஜூனில் பார்க்கலாம் என்றார். ஜூனில் சந்தனமாரி நாலாம் வகுப்பு.

வீட்டில் இவரிடம் சொன்னேன். சாப்பாட்டை நிறுத்தாமல் கேட்டார். கை கழுவிவிட்டு வந்து, "பேச்சிக்குத் தெரியுமா?" என்றார். நாளை மறுநாள் போகிறேன் என்றேன்.

பிப்ரவரி 7, வெள்ளி

பள்ளி விட்டபிறகு போய்ச் சேர்ந்தேன். பேச்சி பதிவேடுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நாலு பக்கக் கடிதத்தின் நகலையும் மேசையில் வைத்தேன். மெமோ ரத்தாகும் என்று சொன்னேன். அவள் அதை எடுத்துப் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்ட்டி" என்றாள்.

எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"அன்னிக்கே. நீ பஸ் ஏறப் போனதும் சந்தனமாரி ஓடி வந்தா. 'டீச்சர், நான் கதையெல்லாம் வாசிச்சிட்டேன். அந்த டீச்சர் மெதுவாச் சொன்னாவ, நான் சத்தமாச் சொன்னேன்'னு சிரிச்சிக்கிட்டே சொல்லுதா. ஜெனிலாவும் நானும் ஒருத்தி மொகத்த ஒருத்தி பாத்துக்கிட்டோம்."

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

"மேல எழுதிப் போடுவோம்னு ஜெனிலா சொன்னா. நான்தான் வேண்டாம்னேன். ஒன் வேல போயிருமேன்னு. கனி தானாத் திருத்துவா, எனக்குத் தெரியும் அவளன்னு சொன்னேன். அந்தச் சுற்றறிக்க வந்த அன்னிக்கு ஜெனிலாட்ட, 'பாரு, கனி போட்டுருவா'ன்னேன். புதன்கெழம ஒனக்கு போன் போட்டேன். வெள்ளிக்கெழம அஞ்சு மணி வரைக்கும் ஜெனிலாவும் நானும் இந்தப் பெஞ்சுலதான் இருந்தோம், போனப் பாத்துக்கிட்டு."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவள் என்னைத் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. கடிதத்தை என் பக்கம் தள்ளினாள்.

"இத ஏன்ட்டி இப்ப எழுதுன? மெமோவ நான் வாங்கிட்டுப் போறேன். இத்தன வருசத்துல எத்தன மெமோ பாத்தாச்சி. அந்த வெள்ளிக்கெழமதான் எனக்கு வேணும். அதத் தர முடியுமா ஒன்னால?"

முடியாது என்றேன்.

கிளம்பும்போது கேட்டேன். சனிக்கிழமைகளில் எனக்கு வேலை இல்லை. வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், சந்தனமாரியை நானே வீட்டில் போய்க் கூட்டி வருகிறேன், தம்பியையும் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். பேச்சி பூட்டை எடுத்துக் கதவைப் பூட்டினாள். சாவியைப் பையில் போட்டாள்.

"வா. பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடு" என்றாள். "எங்கிட்டப் பேசாத."

பிப்ரவரி 8, சனி

போனேன். சந்தனமாரியையும் சேர்த்துப் பதினொரு பிள்ளைகள் வந்தார்கள். கொம்பு போட்ட எழுத்தில் தொடங்கினோம். பேச்சி மதியம் வரை பக்கத்து அறையில் இருந்தாள். நான் பேசவில்லை.